நீலக் கேபிளும் டொரீனின் பாட்டும்

புக்கிட் பாரு, மலாக்கா
9 ஜூலை 2019

திரு. அலோய்சியஸ் லசாரு அவர்களுக்கு,

உங்கள் எண்ணை என் கைப்பேசியில் அடைத்துவிட்டேன். அதனால் இந்தப் பத்து நாளாக நீங்கள் என்ன அனுப்பியிருந்தாலும் எனக்கு வந்து சேரவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதை வாட்ஸப்பில் சொன்னால் அடுத்த நொடியே பல்லைக் காட்டிச் சிரிக்கிற மஞ்சள் மூஞ்சி ஒன்றை அனுப்புவீர்கள். தபாலில் அது முடியாது. ஆகவே கடிதம்.

உங்கள் தங்கை டொரீனின் மூன்றாம் ஆண்டுப் பூசைக்காகக் கூச்சிங்கிலிருந்து விமானம் ஏறி வந்தீர்கள். அதற்கு நன்றி. பூசை முடிந்து என் வீட்டில் சாப்பாடு. உங்கள் வீட்டு விசேஷக் கறியான டெபல் கறியை நானே வைத்தேன். டொரீன் நோட்டில் எழுதியிருந்த அளவுக்குத்தான் வினிகர் ஊற்றினேன். பன்னிரண்டு பேர் வயிறாரச் சாப்பிட்டார்கள். அதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

சாப்பாட்டுக்குப் பிறகு டொரீன் பாட்டைப் போட்டேன். அவள் இளவயதில் உங்கள் போர்த்துகீசியக் குடியிருப்பு ஹாலில் பாடியது. நீங்கள்தான் பழைய டேப்பிலிருந்து கம்ப்யூட்டருக்கு மாற்றி, அவள் இறந்த வருஷம் எனக்குக் கொடுத்தீர்கள். பாட்டெல்லாம் பின்னறைக் கம்ப்யூட்டர் பெட்டியில் இருக்கிறது. அங்கிருந்து முன்னறை பிளேயருக்கு நெட்வொர்க் கேபிள் வழியாக வருகிறது. அந்தக் கேபிளைப் புதுசாக மாற்றியிருந்தேன். நீலத்தில், விரல் தடிமனில். "இத மாட்டினதுக்கு அப்புறம் அவ ஹால்ல நிக்கிற மாதிரியே இருக்கு" என்று உங்களிடம் சொன்னேன். வந்தவர்களிடம் மனதில் பட்டதைச் சொல்வது குற்றமா?

நீங்கள் என்ன செய்தீர்கள்? "கண்ணக் கட்டிப் பாத்துருவோமா மச்சான்?" என்று கேட்டு, சமையலறைத் துண்டால் என் கண்ணைக் கட்டினீர்கள். அலமாரிக்குப் பின்னால் போய்ப் பத்து முறை கடகடவென்று எதையோ மாற்றினீர்கள். நானும் நம்பி, "இது நீலம்", "இது பழசு" என்று சொல்லிக்கொண்டே வந்தேன். கடைசியில் துண்டை அவிழ்த்துவிட்டு, "பத்து வாட்டியும் பழசுதான்! நீலத்தத் தொடவே இல்ல!" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். பாதிரியார்கூடச் சிரித்தார்.

நான் ரேடியோ ரிப்பேர்க்காரன். நாற்பது வருஷம் காதை வைத்துச் சோறு தின்றவன். என் வீட்டில், என் மனைவி பூசையன்று, என் கண்ணைக் கட்டி என்னைக் கோமாளி ஆக்கினீர்கள்.

அடுத்த வருஷம் பூசைக்கு வந்தால் கோயிலோடு திரும்பிப் போய்விடுங்கள்.

சுவா கெங் லியாங்


கூச்சிங்
22 ஜூலை 2019

மச்சான் கெங்,

நாற்பது வருஷத்தில் முதல் முறையாக எனக்கு 'திரு' போட்டிருக்கிறாய். ஐரின் உறையைப் பார்த்துவிட்டு, "யாரோ வக்கீல் எழுதியிருக்காரு, எந்த நெலத்துல தகராறு?" என்று கேட்டாள். உள்ளே படித்த பிறகு உன் பக்கம் சேர்ந்துகொண்டாள். கட்டின மனைவி, இரண்டு நாள் எனக்குச் சரியாகச் சாப்பாடு போடவில்லை.

நான் செய்தது தப்பு. ஆள் கூடியிருந்த இடத்தில் செய்தது அதைவிடத் தப்பு. மன்னித்துக்கொள்.

ஆனால் ஒன்றை நீயும் கேள். முப்பத்தோரு வருஷம் தொலைபேசி இலாகாவில் இந்தக் கேபிள்களோடுதான் நானும் குடும்பம் நடத்தினேன். அதில் பாட்டு ஓடுவதில்லை, எண்கள் ஓடுகின்றன. உன் கடிதம் மலாக்காவில் மோட்டார் சைக்கிளில் ஏறி, வேனில் ஏறி, விமானத்தில் ஏறி இங்கே வந்தது. வழியில் உன் கோபம் ஒரு எழுத்தாவது குறைந்ததா? அப்படித்தான் அதுவும். ஒரு எண் வழியில் தொலைந்தால் பெட்டி மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். கேபிளைத் தங்கத்தில் செய்தாலும் ஐந்து என்ற எண் ஐந்தாகத்தான் போய்ச் சேரும்.

இதை அன்று பொறுமையாகச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்றால், எனக்குப் பயம். முதலில் ஸ்பீக்கரை மாற்றினாய். "இப்பதான் மச்சான் அவ பக்கத்துல வந்திருக்கா" என்று போன் செய்தாய். இரண்டு மாதம் கழித்து, "கொஞ்சம் தள்ளி நிக்கிறா" என்றாய். ஆம்ப்ளிஃபையரை மாற்றினாய். அதற்கு அடியில் வைக்கக் கருங்கல் பலகை வாங்கினாய். இப்போது கேபிள். அவளைத் தேடிக் கடைகடையாக ஏறி இறங்குகிறாய், கெங். அவள் எந்தக் கடையிலும் இல்லை. அதை முகத்துக்கு நேரே சொல்லத் துணிவில்லாமல்தான் வேடிக்கை காட்டினேன்.

தனி ஆளாக என்ன சாப்பிடுகிறாய்? ஐரின் கேட்கச் சொன்னாள்.

அலோய்


மலாக்கா
5 ஆகஸ்ட் 2019

அலோய்,

'நீங்கள்' போட்டு எழுதினால் பாதியில் கை வலிக்கிறது. ஆகவே 'நீ'. அதை வைத்து நான் சமாதானமாகிவிட்டேன் என்று நினைக்காதே.

கடைகடையாக ஏறுகிறேன் என்று எழுதியிருந்தாய். அதற்கு இப்போது பதில் சொல்ல மாட்டேன். எண்கள் என்று எழுதினாய் அல்லவா? எண்களிலேயே பதில் தருகிறேன்.

பக்கத்து வீட்டு ஹமீதா டீச்சரை உனக்குத் தெரியும். கணக்கு டீச்சர், ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகிறது. நடந்ததைச் சொன்னேன். "அது பரீட்சையா? பள்ளிக்கூடத்துல யாராவது அப்படிச் செஞ்சா நானே வெளிய அனுப்பிருப்பேன்" என்றார். அடுத்த நாள் மதியம் கணக்கு நோட்டும் சிவப்புப் பேனாவுமாக வந்துவிட்டார்.

"டீச்சர், சரியா தப்பான்னு மொகத்துல காட்டிரக் கூடாது."

"முப்பது வருஷம் பரீட்ச ஹால்ல நடந்தவ நான். என் மொகத்த ஒருத்தனும் படிச்சதில்ல. நீங்க செவத்தப் பாத்து உக்காருங்க."

ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டிப் போட்டார். தலை விழுந்தால் நீலம், பூ விழுந்தால் பழசு. மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இரண்டையும் கழற்றி மாட்டினார், சத்தத்தை வைத்து நான் கண்டுபிடிக்கக் கூடாது என்று. பிளேயர் அடங்கி எழுந்திருக்க ஐந்து நிமிஷம். டொரீன் பாட்டின் முதல் ஒரு நிமிஷம் மட்டும். இரண்டு மதியத்தில் பன்னிரண்டு முறை.

பதினொன்று சரி. ஒன்று தப்பு.

"தப்பினது எது தெரியுமா?" என்று டீச்சர் கேட்டார். "தெருவுல ஐஸ்கிரீம் வண்டி மணியடிச்சிட்டுப் போனப்ப. அத எடுத்துட்டா முழு மார்க்கு."

தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். சிவப்பு மையில் அவர் கையெழுத்து இருக்கிறது. உன் சோதனைக்கு அப்படி ஒன்று உண்டா?

முட்டையும் கஞ்சியும் சாப்பிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை மீன். ஐரினிடம் சொல்.

கெங்


கூச்சிங்
19 ஆகஸ்ட் 2019

மச்சான்,

நான்கு நாளாக அந்தத் தாள் என் மேஜையில் இருக்கிறது. முதலில் டீச்சர் எங்கேயோ தவறியிருப்பார் என்று நினைத்தேன். பிறகு நீ எழுதிய முறையை மறுபடி படித்தேன். எங்கள் இலாகாவிலேயே இவ்வளவு ஒழுங்காகச் சோதனை நடந்ததில்லை. குருட்டாம்போக்கில் பன்னிரண்டுக்குப் பதினொன்று வராது. ஆகவே நீ கேட்கிறாய். ஏதோ ஒன்று நிஜமாகவே மாறுகிறது.

ஒப்புக்கொண்டேன். எழுத்தில் கொடுத்திருக்கிறேன், பத்திரமாக வைத்துக்கொள்.

ஆனால் என்ன மாறுகிறது? எண்கள் மாறவில்லை, அதில் நான் இன்னும் நின்ற இடத்தில்தான் நிற்கிறேன். அதனால் சில கேள்விகள். நீலக் கேபிளின் இரண்டு தலையும் பிளாஸ்டிக்கா, உலோகமா? பின்னறைப் பெட்டியின் பிளக்கில் இரண்டு கால் இருக்கிறதா, மூன்றா? ஆம்ப்ளிஃபையருக்கு? பின்னறைக்கும் முன்னறைக்கும் மின்சாரம் ஒரே லைனில் வருகிறதா, வேறு வேறா?

பிறகு ஒரு காரியம் செய். பாட்டைப் போடாதே. எல்லாவற்றையும் ஓட வைத்து, காற்றாடியை நிறுத்தி, சன்னலைச் சாத்து. ஒலியை நீ வழக்கமாக வைக்கும் அளவுக்கே வை. பெரிய ஸ்பீக்கரில் காதை ஒட்டி வைத்துக் கேள். முதலில் நீலத்தோடு. பிறகு பழசோடு.

உன்னைக் கவிழ்ப்பதற்காகக் கேட்கவில்லை. நிஜமாகவே எனக்குத் தெரிய வேண்டும்.

அலோய்


மலாக்கா
30 ஆகஸ்ட் 2019

அலோய்,

இருக்கிறது.

'ம்ம்ம்' என்று, பூனை அடுத்த அறையில் தூங்குவது போல. நாற்காலியில் உட்கார்ந்தால் தனியாகத் தெரியாது. காதை ஒட்டினால் தெரிகிறது. நீலத்தைப் பிடுங்கினால் நிற்கிறது. மாட்டினால் வருகிறது. எட்டு முறை பார்த்தேன். டீச்சரும் கேட்டார்.

உன் கேள்விகளைப் படித்தபோதே எனக்கு விளங்கிவிட்டது. இரண்டு தலையும் உலோகம், உள்ளே உலோக வலை. இரண்டு பிளக்கும் மூன்று கால். இரண்டு அறைக்கும் வேறு வேறு லைன். அங்கே ஒரு எர்த், இங்கே ஒரு எர்த். நீலக் கேபிளின் வலை இரண்டையும் கட்டிப்போட்டு, நடுவில் கரண்ட் கசிந்து ஓடுகிறது. பழைய கேபிளின் தலை பிளாஸ்டிக், அதனால் அதில் கசிவில்லை. கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே இதைக் கற்றுக்கொண்டவன் நான். ஹம் என்று நாங்கள் சொல்லும் இந்த இரைச்சலை விரட்டிச் சம்பாதித்தவன், கடைசியில் ஹம்மையே விலை கொடுத்து வாங்கி வீட்டில் வைத்து, வந்தவர்களிடம் பெருமையும் பேசியிருக்கிறேன்.

"காது சரியாத்தான சொல்லிருக்கு?" என்றார் டீச்சர். "கேபிள் மாறினது கேட்டுச்சு. நல்லதுன்னு சொன்னது யாரு?"

நான்தான்.

நீலத்தைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டேன். ஜெயித்துவிட்டாய். இல்லை, யார் ஜெயித்தது என்று எனக்குத் தெரியவில்லை. கேபிளால் ஒலி மாறாது என்றாய், மாறியது. நல்லதாக மாறியது என்றேன், கெட்டதாக மாறியிருக்கிறது.

ஆனால் ஒன்று, மச்சான். பழைய கேபிளில் அவள் பாட்டை மறுபடி போட்டேன். சுத்தமாக இருக்கிறது. ஒரு தூசி இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் நின்று பாடுவது போல இருக்கிறது. அந்த 'ம்ம்ம்' இருந்தபோதுதான் அவளைச் சுற்றி ஒரு இடம் இருந்தது. சுவர் இருந்தது, மனிதர் இருந்தார்கள். பழுது இருக்கும்போது பக்கத்தில் வருகிறவள், பழுது நீங்கினால் ஏன் தூரப் போகிறாள்? உனக்குத் தெரிந்தால் எழுது. ஒரு வாரமாக நான் அந்தப் பாட்டைப் போடவில்லை.

கெங்


கூச்சிங்
20 செப்டம்பர் 2019

கெங்,

பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது. வேலை இருந்தது என்று எழுதினால் பொய். முதல் இரண்டு கடிதத்தையும் கிழித்துப் போட்டேன்.

உன் கேள்விக்குப் பதில் எனக்குத் தெரியும். படித்த அன்றே தெரிந்தது.

அந்த ஹாலில் ஹம் இருந்தது. உனக்கு நினைவிருக்குமே, எட்டுக் காற்றாடி, பாதி எரியாத டியூப் விளக்கு, மூலையில் ஒரு குளிர்பானப் பெட்டி. பாட்டைப் பதிவு செய்த அங்கிள் பெர்ட்டி தன் ஸ்பூல் டேப் மெஷினை அந்தப் பெட்டி பக்கத்துப் பிளக்கில்தான் சொருகுவார். டேப் முழுக்க 'ம்ம்ம்'. நம் ஊர்க் கரண்டுக்கு அன்றும் இன்றும் ஒரே சுதிதான். உன் நீலக் கேபிள் கொண்டு வந்ததும் அதே சுதி. நீ பழுதை நல்லது என்று நினைக்கவில்லை, கெங். அந்த ஹாலின் சத்தத்தில் ஒரு துளி திரும்பி வந்திருக்கிறது, உன் காது அதை அடையாளம் கண்டிருக்கிறது.

அதை எடுத்தது நான். டொரீன் போன மூன்றாவது மாதம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து துடைத்தேன். முதலில் ஹம். பிறகு காற்றாடி. பிறகு தகரக் கூரையில் விழுந்த மழை. பெர்ட்டியின் இருமல். நாற்காலி இழுக்கிற சத்தம். மச்சானுக்குச் சுத்தமாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு மாதம் பாடுபட்டேன். கேட்டுவிட்டு நீ அழுதாய். எனக்குப் பெருமையாக இருந்தது. அதற்குப் பிறகு நீ ஒவ்வொரு சாமானாக வாங்கும்போதெல்லாம், குறை சாமானில் இல்லை, நான் கொடுத்த பாட்டில் இருக்கிறது என்று எனக்கு ஒரு நாளாவது தோன்றியதா? இல்லை. கேபிளில் ஒன்றும் இல்லை என்று பாடம் நடத்தினேன்.

இது பாதிதான். மீதியை எழுதுகிறேன்.

நான் துடைத்தது சத்தத்தை மட்டும் இல்லை. பாட்டுக்கு முன்னால் நாற்பது விநாடி பேச்சு இருந்தது. டொரீனும் நானும் பேசியது. அதை வெட்டிவிட்டேன். பாட்டு எங்கே தொடங்குகிறதோ அங்கே தொடங்கட்டும் என்று எனக்கு நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். நிஜமான காரணம், அதில் நான் உன்னைப் பற்றிப் பேசியிருந்தேன். என்ன பேசினேன் என்று எழுத உட்கார்ந்துதான் இரண்டு கடிதம் கிழிந்தது.

நல்ல வேளை, டேப்பை எறியவில்லை. தொடக்கம் முதல் முடிவு வரை கை வைக்காமல் மறுபடி மாற்றி, ஒரு தம்ப் டிரைவில் போட்டுப் பதிவுத் தபாலில் அனுப்புகிறேன். பழைய கேபிளில் கேள். கேட்ட பிறகு என் எண்ணை அடைத்தே வைத்திருந்தாலும் ஏன் என்று நான் கேட்க மாட்டேன்.

அலோய்


மலாக்கா
12 அக்டோபர் 2019

அலோய்,

தம்ப் டிரைவ் வந்து பத்து நாள் ஆகிறது. வந்த அன்று போடவில்லை. மறுநாள் காலையில் குளித்துவிட்டுப் போட்டேன்.

முதலில் மழை. எங்கள் வீட்டுக்கு வெளியே மழை என்று நினைத்துத் துணி எடுக்க எழுந்தே விட்டேன். பிறகு அந்த 'ம்ம்ம்'. பிறகு பெர்ட்டி இருமினார். அவர் செத்து இருபது வருஷம் இருக்குமா? அதன் பிறகு நாற்காலியை விட்டு நான் எழுந்திருக்கவில்லை.

பிறகு நீ பேசினாய். நீ எழுதக் கூச்சப்பட்டதை நான் எழுதுகிறேன். "அந்த ஈயம் பத்தவைக்கிற சீனப் பயலுக்கா காத்துட்டிருக்கே? நம்ம வீட்டு வாசப்படிய மிதிக்க அவனுக்கு என்ன யோக்கியத இருக்கு?"

இதைக் கேட்டு நான் உடைந்து போவேன் என்று பயந்திருக்கிறாய். உனக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாற்பத்திரண்டு வருஷமாக யாரிடமும் சொல்லாதது. டொரீனிடமும் சொல்லாதது.

எனக்கு அது புதுசு இல்லை. அன்று நான் அங்கே இருந்தேன்.

அது சனிக்கிழமை சாயங்காலம், ஒத்திகை. "வந்து கேளு" என்று டொரீன் சொல்லியிருந்தாள். புதுச் சட்டை போட்டுக்கொண்டு, மழையில் குடை பிடித்து வந்தேன். முன் கதவில் உன் ஆட்கள் நின்றதால், குளிர்பானப் பெட்டி இருந்த பக்கம் பின் கதவுக்கு வந்தேன். குடையை மடக்கிக்கொண்டிருந்தபோது உன் குரல் கேட்டது. 'யோக்கியத இருக்கு' வரைக்கும் கேட்டேன். மடக்கின குடையை விரிக்காமலே திரும்பி நடந்தேன். வீடு வரும்வரை நனைந்துகொண்டு போனேன். இனி இந்தப் பக்கமே வருவதில்லை என்று முடிவு செய்தேன்.

அதனால் அடுத்து அவள் சொன்னதை நான் கேட்கவே இல்லை. அந்தப் பாட்டையும் கேட்கவில்லை. நீ 2016இல் கொடுத்தபோதுதான் முதல் முறையாகக் கேட்டேன். நான் அழுதது அதற்குத்தான். உனக்குத் தெரிந்திருக்காது.

இப்போது கேட்டேன். "யோக்கியதையப் பத்தி அப்புறம் பேசு. ஒன் கிட்டாருல நாலாவது தந்தி எறங்கிக் கெடக்கு, மொதல்ல அத ஏத்து. அவன் வரலேன்னா நான் போறேன்."

'நான் போறேன்.' எப்படிச் சொல்கிறாள் பார்த்தாயா? கோபம்கூட இல்லை. கடைக்குப் போய் உப்பு வாங்கி வருகிறேன் என்பது போலச் சொல்கிறாள். நீ தந்தியை முறுக்குகிற சத்தம் கேட்கிறது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, பூசை முடிந்த உடுப்போடு அவள் என் கடைக்கு வந்தாள். கையில் ரேடியோ இல்லை, ஒன்றும் இல்லை. "என்ன ரிப்பேர்?" என்று கேட்டேன். அவ்வளவு வீம்பு எனக்கு.

"ரிப்பேர் ஒண்ணுமில்ல. பாட்டு நல்லா வந்துச்சு. நேத்து ஏன் வரல?"

"கடையில வேல" என்றேன்.

"இன்னிக்கு?"

"இன்னிக்கு இல்ல."

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவ்வளவுதான் நடந்தது. அடுத்த வருஷத்துக்கு அடுத்த வருஷம் கல்யாணம். முப்பத்தேழு வருஷம் 'கடையில வேல' என்ற பொய்யை வைத்துக்கொண்டே குடித்தனம் நடத்தினேன். ஏன் வந்தாள் என்று நான் கேட்கவில்லை. சும்மா அந்தப் பக்கமாக வந்தவள் எட்டிப் பார்த்தாள் என்றே நினைத்திருந்தேன். அந்தத் தெருவில் துணிக்கடை நிறைய உண்டு.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன். அந்த வார்த்தைக்காக இல்லை; அதற்குரிய கோபத்தை எழுபதுகளிலேயே பட்டு முடித்துவிட்டேன். வெட்டியதற்காகக் கொஞ்சம் இருக்கிறது. நாற்பது விநாடியில் பாதி அவளுடையது. அதை வெட்ட உனக்கு உரிமை இல்லை. இதைச் சொல்லாமல் விட்டால் மனதில் கிடந்து புளிக்கும், அதனால் சொல்லிவிட்டேன்.

நீலக் கேபிளைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "ஏன் சார், ஒலி பிடிக்கலையா?" என்று கடைக்காரர் கேட்டார். "ரொம்பப் பிடிச்சுது" என்றேன். பாவம், குழம்பிப் போனார்.

ஹமீதா டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் போட்டுக் காட்டினேன். உங்கள் வீட்டு மொழி புரியாவிட்டாலும் 'நான் போறேன்' வந்த இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இந்தப் பொண்ணு என் வகுப்புல இருந்திருந்தா லீடர் ஆக்கிருப்பேன்" என்றார்.

இப்போது ஒன்று கேட்கிறேன். அன்று அந்த ஹாலுக்குள் இருந்தவர்களில் இன்றைக்கு உயிரோடு இருப்பது நீ மட்டும்தான். நான் வாசலோடு திரும்பியவன், என்னைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. டேப்பில் எல்லாம் கேட்கிறது. ஆனால் அவள் எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டு பாடினாள் என்று தெரியவில்லை. நான் வருவேன் என்று கதவைப் பார்த்தாளா? உனக்கு நினைவிருந்தால் எழுது. நினைவில்லாவிட்டால் இட்டுக் கட்டாதே.

கெங்


கூச்சிங்
27 அக்டோபர் 2019

மச்சான்,

உன் கடிதத்தை ஐரினிடம் கொடுத்துவிட்டு ஆற்றங்கரை வரை நடந்து போய் வந்தேன். திரும்பி வந்தபோது அவள் மேஜைமேல் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்க்காமல் டீ போட்டுக்கொண்டிருந்தாள். "எழுதுங்க. இருக்கறத இருக்கறபடி எழுதுங்க" என்றாள்.

நீ பின் கதவில் நின்றாய். நாற்பது வருஷம் என் வீட்டுக் கிறிஸ்துமஸ் மேஜையில் என் எதிரே உட்கார்ந்து, நான் வெட்டித் தந்த கேக்கைச் சாப்பிட்டாய். அந்த வார்த்தையைக் காதில் வைத்துக்கொண்டா? நான் உன் இடத்தில் இருந்திருந்தால் ஒரு துண்டும் இறங்கியிருக்காது. வெட்டியதற்காகக் கொஞ்சம் கோபம் என்று எழுதியிருக்கிறாய். அதை வைத்துக்கொள். டிசம்பர் இருபதாம் தேதிக்கு டிக்கெட் எடுத்திருக்கிறோம், இரண்டு பேரும். நேரில் திட்டு.

இனி நீ கேட்டது. எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, இட்டுக் கட்டத் தேவையில்லை.

பார்த்தாள். முதல் அடி முழுக்கக் கதவைத்தான் பார்த்தாள். ஆனால் முன் கதவை. நீ அந்தப் பக்கமாகத்தான் வருவாய் என்று நினைத்திருக்கிறாள். பெர்ட்டி கையை ஆட்டி மைக்கைப் பார்த்துப் பாடச் சொன்னார், திரும்பவில்லை. டேப்பில் முதல் அடியில் குரல் கொஞ்சம் விலகிக் கேட்கும், போட்டுப் பார். இரண்டாவது அடியில் கண்ணை மூடிக்கொண்டாள். வார்த்தை மறந்துவிட்டது என்று நினைத்து நான் பக்கத்திலிருந்து மெதுவாக எடுத்துக் கொடுத்தேன். அவளுக்கு ஒன்றும் மறக்கவில்லை. கடைசி அடிக்கு வந்தபோது கதவைப் பார்க்கவே இல்லை. நேராக என்னைப் பார்த்துப் பாடி முடித்தாள்.

பாட்டு முடிந்ததும் பெர்ட்டி மெஷினை நிறுத்திவிட்டார். அதனால் இது எந்த டேப்பிலும் இல்லை. கிட்டாரைப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தேன். டொரீன் பக்கத்தில் வந்து, செருப்பைத் தேடிக்கொண்டே கேட்டாள். "அலோய், ஜாலான் பூங்கா ராயாவுல அந்த ரேடியோ கடை, ஞாயித்துக்கெழம தெறந்திருக்குமா?"

"தெரியாது" என்று சொன்னேன்.

எனக்குத் தெரியும், கெங். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை திறந்திருப்பாய் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும்.

அலோய்